எந்த ஆம்பேகாவ்?

புனே மாநகராட்சி 2017 அக்டோபரில் பக்கத்துக் கிராமங்கள் 11ஐத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. 2021 ஜூன் 30 அன்று மேலும் 23 வந்தன. அதன்பின் பரப்பளவில் மும்பையையும் தாண்டி, மகாராஷ்டிரத்தின் மிகப் பெரிய மாநகராட்சி என்ற பெயர் புனேக்குக் கிடைத்தது. வாகோலி, சூஸ், நர்ஹே, கடக்வாஸ்லா, பாவ்தன் புத்ருக் என்று ஊர்ப் பெயர்கள் அரசு அறிவிக்கையில் ஒரே பட்டியலாக அச்சாகின. அறிவிக்கைக்கு ஒரு கையெழுத்து போதும். பதிவேடுகள் அப்படிச் சேர்ந்துவிடாது.

மகாராஷ்டிரத்துக் கிராமப் பஞ்சாயத்துகள் வீடுகளையும் அவற்றுக்கான வரியையும் ‘நமுனா 8’ என்ற பதிவேட்டில் எழுதி வைக்கும். சொத்து எண் அந்தந்த ஊருக்குள் மட்டும் செல்லுபடியாகும். 23 ஊர்களை ஒரே பட்டியலாக்கினால் ஒன்றாம் எண் சொத்து 23 இருக்கும்.

சரி, ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 2017இல் வந்த 11 கிராமங்களில் ஆம்பேகாவ் குர்த் ஒன்று, ஆம்பேகாவ் புத்ருக் இன்னொன்று. இரண்டும் தனித்தனி ஊர்கள். இவை போதாதென்று, புனே மாவட்டத்தின் வடக்கே ஆம்பேகாவ் என்று ஒரு தாலுகாவே இருக்கிறது. 2021 பட்டியலில் உள்ள நாந்தேட், சிங்ககட் சாலையை ஒட்டிய கிராமம். அதே பெயரில் மராத்வாடாவில் பெரிய நகரமும் மாவட்டமும் உண்டு. 2025 ஜனவரியில் புனேயில் கில்லன்-பாரே நோய் பரவியபோது செய்திகளில் அடிபட்டது கிராமத்து நாந்தேட்தான். நோயாளியின் முகவரியில் ‘நாந்தேட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எது என்று மனிதர் ஊகித்துவிடுவார். அட்டவணைக்கு ஊகிக்கத் தெரியாது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2011இல் சென்னை மாநகராட்சி 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளை உள்வாங்கி, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சென்னையின் பழைய தெருக்களில் இன்றும் கதவுகளில் ‘ப.எண்’, ‘பு.எண்’ என்று இரண்டு எண்களைப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். தரவுத்தள வேலை தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்: புது எண் கொடுத்த பிறகும் பழைய எண்ணை அழிக்காமல் வைத்திருப்பது, அட்டவணைகளை இணைப்பவர் செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று.

இந்த அத்தியாயத்தின் பொருள் அந்த இணைப்புதான். மாநகராட்சிகள் எந்த மென்பொருளை வைத்திருந்தாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. அந்த வேலையில் வரும் கோளாறுகள் இரண்டு வகை. கருவி சிவப்பு எழுத்தில் கத்தி நிற்பது ஒரு வகை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கருவி சொல்ல, உள்ளே தரவு கெட்டுப்போயிருப்பது இன்னொன்று. முதல் வகைக்கு மக்கள் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது இரண்டாவதுக்கு.

முதலில் கத்துகிற வகை. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு வேலை செய்பவர்களில் பலர் திறக்கும் திரை பிஜிஅட்மின். 1998இல் டேவ் பேஜ் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த கருவி இது. 2016இல் பைத்தான் மொழியில் முழுக்கத் திரும்ப எழுதப்பட்டு ‘பிஜிஅட்மின் 4’ ஆனது. அதன் வளர்ச்சியில் எண்டர்பிரைஸ்டிபி நிறுவனத்தின் புனே அலுவலகப் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. புதிய வடிவம் உண்மையில் ஓர் இணையச் செயலி. மேசைக் கணினியில் தனி ஜன்னலாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு சிறு வலை சேவையகம் ஓடுகிறது. அதனால் பிஜிஅட்மின் திறக்கவில்லை என்றால் தரவுத்தளம் படுத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. எந்தெந்தச் சர்வர்களோடு இணைய வேண்டும் என்ற விவரத்தைக்கூடப் பிஜிஅட்மின் தனக்கென ஒரு சிறிய எஸ்க்யூலைட் கோப்பில்தான் வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு கெட்டால் பட்டியல் காணாமல் போகும். போஸ்ட்கிரஸில் உள்ள பதிவுகள் அப்படியே இருக்கும். பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு நுழைந்து பார்த்தால் குற்றம் யார் மேல் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சர்வரோடு இணையும்போது வரும் பிழைகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஒருவர் வீட்டுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘டைம் அவுட்’ என்றால் தெருவுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால் மறிக்கிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் வீட்டு வாசல் வரை வந்தாயிற்று, ஆனால் 5432 என்ற போர்ட் கதவுக்குப் பின்னால் ஆளில்லை. போஸ்ட்கிரஸ் ஓடவில்லை, அல்லது வேறு எண்ணில் காத்திருக்கிறது. ‘பிஜி_எச்பிஏ கோப்பில் இந்த முகவரிக்கு இடமில்லை’ என்று வந்தால் ஆள் இருக்கிறார், பட்டியலில் பெயர் இல்லாததால் விட மறுக்கிறார். ‘கடவுச்சொல் தவறு’ என்பது வரவேற்பறை வரை போய்த் திரும்பியது. ஒவ்வொரு செய்தியும் முந்தையதைவிட ஓரடி உள்ளே சென்றதற்கான அத்தாட்சி. இதை அறியாமல் டைம் அவுட்டுக்குக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள்.

சில செய்திகள் புதிர் போல இருக்கும். ‘அங்கீகார முறை 10 ஆதரிக்கப்படவில்லை’ என்பது அப்படியொன்று. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஸ்க்ராம் என்ற பாதுகாப்பான முறை 2017இல் போஸ்ட்கிரஸ் 10ஆம் பதிப்பில் வந்தது. 2021இன் 14ஆம் பதிப்பில் அதுவே இயல்பான முறையானது. சர்வரைப் புதுப்பித்துவிட்டு, இணையும் பக்கத்தில் பழைய நிரல் நூலகத்தையே வைத்திருந்தால் இந்தச் செய்தி வரும். தீர்வு பழைய நூலகத்தை மாற்றுவது. பலர் சர்வரின் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கான பிஹெச்பிமைஅட்மின் கருவியிலும் இதே கதை. பெரிய கோப்பை ஏற்றினால் மறுக்கும். தரவுத்தளத்தைத் திட்டிப் பயனில்லை. பிஹெச்பியின் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 எம்பி என்பதே பெரும்பாலும் காரணம்.

இனி சத்தமில்லாத வகை. பிஜிஅட்மினின் குவெரி திரையில், செய்த திருத்தத்தை உடனுக்குடன் நிலைப்படுத்தும் ‘ஆட்டோ கமிட்’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அணைத்துவிட்டு ஒருவர் பத்தாயிரம் பதிவுகளைத் திருத்துகிறார். அவர் திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. பக்கத்து மேசைக்காரருக்குப் பழைய தரவுதான் தெரியும். அதே பதிவைத் திருத்த முயன்றால் அவருடைய திரை உறைந்து நிற்கும். யாருக்கும் பிழைச்செய்தி வராது. முதல் ஆள் தேநீர் குடிக்கப் போயிருப்பார். சர்வரில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’ என்ற உள் அட்டவணையைப் பார்த்தால், ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்ற நிலையில் அவருடைய அமர்வு படுத்திருப்பது தெரியும்.

அட்டவணைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்க எஸ்க்யூஎல்லில் ‘யூனியன்’ இருக்கிறது. எளிமையாகத் தெரியும், இரண்டு இடத்தில் கவிழ்க்கும். முதலாவது, அது நெடுவரிசைகளின் பெயரைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கும். ஒரு பஞ்சாயத்து ‘உரிமையாளர், குடியிருப்பவர்’ என்று எழுதியிருக்க, இன்னொன்று ‘குடியிருப்பவர், உரிமையாளர்’ என்று எழுதியிருந்தால் இரண்டும் எழுத்துகள் என்பதால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கலந்துவிடும். வாடகைக்காரர் ஒரே இரவில் வீட்டுக்காரர் ஆவார். இரண்டாவது, யூனியன் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். பெயர், பரப்பளவு, வரி என்ற மூன்று மட்டும் எடுத்து அடுக்கினால், ஒரே பெயர்கொண்ட இருவரின் ஒரே அளவு வீடுகள் ஒரே வீடாகிவிடும். ‘யூனியன் ஆல்’ எதையும் நீக்காது. வேண்டுமென்றே நீக்க நினைத்தாலொழிய ‘ஆல்’ போடுவதுதான் பழகிய கைகளின் வழக்கம். கூடவே ‘எந்த ஊரிலிருந்து வந்தது’ என்று ஒரு நெடுவரிசையையும் சேர்த்துவிடுவார்கள்.

பக்கவாட்டில் இணைக்க ‘ஜாயின்’. வீட்டு அட்டவணையையும் கட்டணம் செலுத்திய அட்டவணையையும் சொத்து எண்ணை வைத்து இணைக்கிறோம். ஒரு வீட்டுக்கு மூன்று ரசீதுகள் இருந்தால் அந்த வீடு மூன்று முறை வரும். அதன்பின் வீட்டு வரித் தொகையைக் கூட்டினால் அது மும்மடங்காகும். நிதியாண்டு முடியும்போது வருவாய் எதிர்பார்த்ததைவிட அமோகமாக இருந்தால் ஒரு நல்ல கணக்காளர் மகிழ்வதற்கு முன் ஜாயினைச் சரிபார்ப்பார்.

போஸ்ட்கிரஸில் ஒரு அட்டவணையைப் பார்த்து இன்னொன்றைத் திருத்தும் ‘அப்டேட் ஃப்ரம்’ இதைவிட விஷமம். ஒரு வீட்டுக்கு மூலத்தில் இரண்டு பதிவுகள் பொருந்தினால் அது ஏதோ ஒன்றை எடுத்து எழுதிவிடும். எதை எடுக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று அதன் ஆவணமே ஒத்துக்கொள்கிறது.

இந்திய மொழிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பார்க்க ஒன்றாக இருக்கும் இரண்டு சொற்கள் கணினிக்கு ஒன்றல்ல. தமிழில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ‘கொளத்தூர்’ என்ற பெயர் இரண்டு அட்டவணைகளில் இரண்டு விதமாக இருந்தால் ஜாயின் அவற்றைப் பொருத்தாது. மராத்தியின் அழுத்த ‘ற’கரத்துக்கும் இதே இரட்டை வாழ்வு உண்டு. 2020இல் வந்த போஸ்ட்கிரஸ் 13இல் ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு சேர்ந்தது. இரண்டு பக்கங்களையும் அதன் வழியாகச் செலுத்திய பிறகே ஒப்பிட வேண்டும்.

யூனிகோடு வருவதற்கு முந்தைய கோப்புகள் என்றால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்து மராத்தித் தட்டச்சின் பாதி வரலாறு புனேயிலேயே நடந்தது. சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் பிரிவு இங்கே இருந்தது. ஸ்ரீலிபி எழுத்துருக்களை உருவாக்கிய மாடுலர் இன்ஃபோடெக்கும் இந்த ஊர்தான். 1991இல் இஸ்கி என்ற தேசியத் தரம் வந்தும், அலுவலகங்கள் கையில் கிடைத்த எழுத்துருவில் தட்டச்சு செய்தன. எழுத்துரு மாறினால் அந்தக் கோப்பில் உள்ள பெயர்கள் வெறும் குப்பைக் குறிகளாகத் தெரியும். தஸ்கி, தாப், பாமினி என்று தமிழர்கள் பட்ட பாடும் இதுவே.

திருத்துவதையும் சேர்ப்பதையும் ஒரே கட்டளையில் செய்ய எஸ்க்யூஎல் 2003 தரத்தில் ‘மெர்ஜ்’ வந்தது. வரும் பதிவு ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆரக்கிள் அதை 2001லேயே 9ஐ பதிப்பில் கொடுத்துவிட்டது. போஸ்ட்கிரஸ் 2022 வரை கொடுக்கவில்லை. சோம்பல் காரணமல்ல.

சிக்கல் இதுதான். இரண்டு வரிவசூல் மையங்கள் ஒரே நொடியில் ஒரே புதிய சொத்தைப் பதிவு செய்கின்றன. இருவருக்கும் ‘இல்லை’ என்ற பதில் வருகிறது. இருவரும் சேர்க்கிறார்கள். தனித்துவக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டாமவருக்குப் பிழை வரும். இல்லாவிட்டால் ஒரே வீடு இரண்டு முறை பதியும். இந்த இடுக்கை அடைக்க 2016 ஜனவரியில் 9.5 பதிப்பில் ‘இன்சர்ட் ஆன் கான்ஃப்ளிக்ட்’ என்ற தனிக் கட்டளை வந்தது. மோதினால் பிழை சொல்லாமல் திருத்தத்துக்குப் போய்விடும் அது.

தரத்தில் உள்ள மெர்ஜும் வேண்டும் என்று சைமன் ரிக்ஸும் பவன் தேவ்லசியும் உழைத்தார்கள். 2018 ஏப்ரல் தொடக்கத்தில் அவர்களுடைய நிரல் போஸ்ட்கிரஸில் சேர்க்கப்பட்டது. உள்கட்டமைப்பு பற்றி மற்ற உருவாக்குநர்கள் கடுமையாக ஆட்சேபிக்க, அதே மாதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. உலகம் முழுவதும் பயன்படும் ஒரு மென்பொருளில் சேர்த்ததை இரண்டு வாரத்துக்குள் திரும்ப எடுப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். ஆல்வரோ ஹெர்ரேரா, அமித் லாங்கோட்டே ஆகியோரின் கைகளும் சேர்ந்து மறுபடி எழுதப்பட்ட மெர்ஜ், 2022 அக்டோபரில் 15ஆம் பதிப்போடு வெளிவந்தது.

தேவ்லசியின் பெயர் போஸ்ட்கிரஸ்காரர்களுக்கு அதற்கு முன்பே பழக்கம். அவர் எண்டர்பிரைஸ்டிபியில் இருந்தபோது உருவாக்கிய ‘ஹாட்’ என்ற உத்தி 2008இன் 8.3 பதிப்பில் வந்தது. போஸ்ட்கிரஸ் ஒரு பதிவைத் திருத்தும்போது பழையதை அழித்து எழுதுவதில்லை. புதிய பிரதி ஒன்றை எழுதுகிறது, பழையது பிறகு துப்புரவாகும். முன்பெல்லாம் ஒவ்வொரு புதிய பிரதிக்கும் எல்லா இண்டெக்ஸ்களிலும் புதிய குறிப்பு போட வேண்டியிருந்தது. இண்டெக்ஸில் உள்ள நெடுவரிசை எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால் அந்தக் குறிப்பு தேவையில்லை என்றது ஹாட். லட்சக்கணக்கான வீடுகளின் வரித்தொகையை மட்டும் திருத்தும் ஒரு மெர்ஜுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த அட்டவணையில் ஐந்தாறு இண்டெக்ஸ் வைத்திருப்பவருக்குப் புரியும்.

மெர்ஜின் நல்ல குணம், அது கத்தும். மூலத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு பதிவுகள் வந்து, ஒரே இலக்கை இரண்டாம் முறை தொட நேர்ந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிடும். அப்டேட் ஃப்ரம் மௌனமாக விழுங்கியதை இது வாய்விட்டுச் சொல்கிறது. இந்தப் பிழையைக் கண்டு எரிச்சல்பட்டு, மூலத்தில் ‘டிஸ்டிங்க்ட்’ போட்டு அடக்குபவர்கள் உண்டு. அந்த இரண்டு பதிவுகளும் உண்மையில் ஆம்பேகாவ் குர்த்திலும் புத்ருக்கிலும் இருக்கும் இரண்டு வீடுகளா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரே நேரத்தில் இருவர் சேர்க்கும் பழைய சிக்கலை மெர்ஜ் தீர்த்துவிடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆன் கான்ஃப்ளிக்டைப் பரிசீலியுங்கள் என்று போஸ்ட்கிரஸ் ஆவணமே சொல்கிறது. இரவில் ஒருவர் மட்டும் ஓட்டும் மொத்த இணைப்புக்கு மெர்ஜ். பகலில் பலர் ஒருசேர அடிக்கும் கவுண்டருக்கு ஆன் கான்ஃப்ளிக்ட். மைஎஸ்க்யூஎல்லில் ‘ரீப்ளேஸ்’ இந்த வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் அது பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறது. தானாக ஏறும் எண் மாறிவிடும், அந்த எண்ணை நம்பியிருந்த ரசீதுகள் அநாதையாகும்.

எதன்மேல் எழுதுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. புதிதாகச் சேர்ந்த கிராமங்களுக்கு மாநகராட்சி வரி முழுதாக உடனே விதிக்கப்படுவதில்லை. பஞ்சாயத்து விகிதத்திலிருந்து படிப்படியாக உயரும். ஆகவே பழைய வரித்தொகை இனிச் செல்லாத தகவல் அல்ல, அடுத்த சில ஆண்டுகளின் கணக்குக்கே அடிப்படை. மெர்ஜில் பழைய தொகையின்மேல் புதிய தொகையை எழுதியவர் அந்தப் படிக்கட்டின் முதல் படியைப் பெயர்த்தெடுத்துவிட்டார். காப்புப்பிரதியைத் தேடிப் போக வேண்டும், அதுவும் இருந்தால்.

இணைத்தது சரியா என்று கண்டுபிடிக்க எளிய சோதனைகள் உண்டு: முன்னும் பின்னும் பதிவுகளின் எண்ணிக்கை, தொகைகளின் கூட்டல், எந்தப் பக்கமும் பொருந்தாமல் மிஞ்சியவை. மிஞ்சியவற்றின் பட்டியல்தான் பெரும்பாலும் சுவையானது. ஆனால் பெயர் தவறாக ஏறியிருந்தால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. அதற்கு மகாராஷ்டிரம் செய்த ஒன்று உலகத் தரவுத்தளப் பாடநூல்களில் இடம்பெறத் தகுந்தது. மாநிலத்தின் நிலப்பதிவேடுகள் இயக்குநர் அலுவலகம் புனேயில்தான் இருக்கிறது. கையெழுத்தில் இருந்த சாத்-பாரா என்ற நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியபோது மூலத்துக்கும் திரைக்கும் வித்தியாசங்கள் விழுந்தன. 2017இல் ‘சாவடி வாசன்’ என்ற இயக்கம் நடத்தி, கணினியில் உள்ளதை ஊர்ச் சாவடியில் உரக்க வாசித்தார்கள். நிலத்துக்காரர் உட்கார்ந்து கேட்டு, இது என் பெயரல்ல, இது என் பங்கல்ல என்று சொல்லலாம். எந்த ஜாயினும் பிடிக்க முடியாத பிழைகள் அங்கே பிடிபடும்.

இணைத்ததைப் பிரிக்கவும் நேரலாம். 2017இல் சேர்ந்த 11 கிராமங்களில் ஃபுர்சுங்கியும் உருளி தேவாச்சியும் இரண்டு. அவற்றை மாநகராட்சியிலிருந்து விலக்கித் தனி நகராட்சியாக்கப் போவதாக 2022 டிசம்பரில் மாநில அரசு அறிவித்தது. பின்னர் அப்படியே ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய வீடுகள் எழும்பி, பழையவை கைமாறி, எண்கள் திருத்தப்பட்டிருக்கும். முதல்நாளே ‘எந்த ஊரிலிருந்து வந்தது’ என்ற நெடுவரிசையையும் பழைய சொத்து எண்ணையும் சேர்த்து, புதிய பதிவுகளிலும் அதை நிரப்பிவந்த அட்டவணையில் இது ஒற்றை நிபந்தனையோடு முடியும் வேலை. அப்படி வைக்காத அட்டவணையில் முகவரிக்குள் ‘உருளி’ என்று தேட வேண்டியிருக்கும். வரும் பட்டியலில், கொத்ரூடில் வீடு வாங்கிவிட்டுக் கடித முகவரியாக உருளி காஞ்சனைக் கொடுத்தவரும் இருப்பார். அந்த உருளி மாநகராட்சியில் சேர்ந்ததே இல்லை.